பதினாறடியா, முப்பதடியா? குமரி–கேரள எல்லையில் சொந்தமாக மோட்டார் படகு வாங்குவோருக்கு

களியக்காவிளை, கொல்லங்கோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் இருந்துகொண்டு, குடும்பத்தோடு காயலில் சுற்ற ஒரு மோட்டார் படகு வாங்க நினைக்கிறீர்களா? விலை கேட்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். படகு எந்தத் தண்ணீரில் ஓடும்? ஓடாத நாளில் எங்கே கிடக்கும்? இந்த இரண்டும் தெரிந்தால் படகின் நீளம் தானாக முடிவாகிவிடும். காசைப் பார்த்து நீளத்தை முடிவு செய்தவர்களின் படகுதான் இரண்டாவது வருடமே தார்ப்பாய்க்குள் போகிறது.

இங்கே சின்னப் படகு என்பது 14 முதல் 18 அடி வரை, மேலே திறந்தது, படகுக்கு வெளியே பின்பலகையில் தொங்கும் ஒரே ஒரு அவுட்போர்டு எஞ்சின், 25 முதல் 60 எச்.பி., டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரக்கூடியது. பெரிய படகு என்பது 26 முதல் 32 அடி, கேபின் உள்ளது, இரட்டை அவுட்போர்டோ உள்ளே டீசல் எஞ்சினோ பொருத்தியது, வருடம் முழுக்கத் தண்ணீரிலேயே கிடப்பது. இடையில் 20 முதல் 25 அடி வரை ஒரு ரகம் உண்டு. காரில் இழுக்கவும் கனம், நிரந்தரமாகக் கட்டிப்போடவும் மனம் வராது. முதல் படகாக அதை வாங்க வேண்டாம்.

1. முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள்

பூவாற்றில் நெய்யாறு கடலைத் தொடும் இடத்துக் காயலும், தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி விழும் கழிமுகமும் பார்வைக்கு அகலமானவை. அடியில் மணல் திட்டுகள் உண்டு. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அவை இடம் மாறும். இந்தக் கரையில் ஏற்றவற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். அந்த அளவே படகைத் தரைதட்ட வைக்கப் போதும்.

நீரேற்றம் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் உள்ளூர்க்காரரின் வள்ளத்தில் ஏறிக்கொள்ளுங்கள். படகைத் தள்ளும் கழுக்கோலில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, நீங்கள் போகப்போகும் வழி நெடுக ஊன்றி அளந்து எழுதுங்கள். எஞ்சின் கால் (புரொப்பல்லர் உள்ள அடிப்பாகம்) முழுக்க இறங்கிய நிலையில் 16 அடி படகுக்கு 50 முதல் 60 சென்டிமீட்டர் ஆழம் தேவை. 28, 30 அடி படகுக்கு 80 முதல் 100. அதற்குக் கீழே இன்னும் 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்விக்கும் தண்ணீரோடு மணலும் உள்ளே போய், அந்தத் தண்ணீரை இழுக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைத் தேய்த்துவிடும். ஆக, பெரிய படகுக்கு வழியில் எந்த இடத்திலும் 1.3 மீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும். ஒரே ஒரு இடத்தில் குறைந்தாலும் அந்த வழி உங்களுக்கு இல்லை.

சின்னப் படகு மணலில் தட்டினால் எஞ்சினைத் தூக்கிவிட்டு, இரண்டு பேர் இறங்கித் தள்ளினால் நகர்ந்துவிடும். 3 டன் படகு தட்டினால் அடுத்த ஏற்றம் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

ஆழத்தோடு உயரத்தையும் பாருங்கள். கேபினும் மேற்கூரையும் வைத்த படகு சின்ன நடைபாலங்களுக்கு அடியில் நுழையாது. மழைக்காலத்தில் நீர் உயர்ந்தால் நேற்று நுழைந்த பாலம் இன்று இடிக்கும். ஆகாயத்தாமரை மண்டிய வாய்க்கால் என்றால் இரண்டு அளவுக்கும் தொல்லைதான். புரொப்பல்லரில் சுற்றிக்கொள்வதைவிட, எஞ்சின் காலில் உள்ள தண்ணீர் உறிஞ்சும் சல்லடையை அது அடைப்பதே ஆபத்து. எஞ்சினிலிருந்து பின்பக்கம் பீறிடும் அடையாளத் தண்ணீர் மெலிந்தால் உடனே நிறுத்துங்கள். சின்ன எஞ்சினைத் தூக்கிக் கையால் பிடுங்கிவிடலாம். அடியில் புரொப்பல்லரைச் சுற்றும் ஷாஃப்ட் உள்ள பெரிய படகில் ஒருவர் தண்ணீருக்குள் மூழ்க வேண்டும்.

பெரிய படகுதான் வேண்டும் என்று மனது நிற்கிறதென்றால், அதன் ஊர் பூவாறு அல்ல. கொல்லத்து அஷ்டமுடிக் காயலும் அங்கிருந்து கோட்டப்புறம் வரை 168 கிலோமீட்டர் ஓடும் தேசிய நீர்வழி 3-உம் அதற்கு ஏற்ற தண்ணீர். வீட்டிலிருந்து கொல்லத்துக்குக் கார் ஓட்டிப்போய்ப் படகு விட முடியுமா என்பதை இப்போதே யோசித்துவிடுங்கள்.

2. பொழியை (ஆறு கடலில் திறக்கும் வாயை) தாண்டும் ஆசையை விடுங்கள்

"பெரிய படகு வாங்கினால் பொழி வழியாகக் கடலுக்குப் போகலாம்" என்று விற்பவர் சொல்வார். நம்பாதீர்கள். ஆற்றுநீர் கடலுக்கு வடியும் நேரத்தில் எதிரே வரும் அலை குறுகிச் செங்குத்தாகிறது. திரும்பி வரும்போது பின்னாலிருந்து வரும் அலை அமரத்தை, அதாவது படகின் பின்பக்கத்தை, தூக்கும். முன்பக்கமான அணியம் தண்ணீரில் குத்தும். படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை அதைப் புரட்டும். 16 அடி படகுக்கு அந்த ஒரு அலை போதும். 30 அடி படகுக்குச் சக்தி இருக்கும். ஆனால் இரண்டு அலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இறங்கும்போது எஞ்சின் கால் மணலில் இடித்து நின்றுபோகும். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்திலும் கேரளத்தின் முதலப்பொழியிலும் இப்படித்தான் கடலையே அறிந்த மீனவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். பொழுதுபோக்குக்குப் போகும் குடும்பம் அங்கே இருக்கக் கூடாது.

கடலில் ஓடத்தான் வேண்டுமென்றால் பாதுகாப்பான துறைமுகத்திலிருந்து, டிசம்பர் முதல் மார்ச் வரை, காலையில் போய் மதியத்துக்குள் திரும்புங்கள். விழிஞ்ஞத்தில் இப்போது பெருங்கப்பல்கள் வந்து போகின்றன. அந்தப் பாதைக்குள் போகக் கூடாது. காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் வரும். தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை நாட்கணக்கில் பயணம் செய்து இந்தக் கரையில் எழும். வானத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கடல் தகவல் தரும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093: இரண்டையும் படகிலுள்ள எல்லோர் போனிலும் பதிந்துவையுங்கள்.

3. படகு கிடக்கும் இடம்

சின்னப் படகு டிரெய்லரோடு சேர்ந்து 500 முதல் 700 கிலோ இருக்கும். டிரெய்லருக்கும் ஆர்.டி.ஓ. பதிவு எண் வேண்டும். பலரும் இதை மறந்து சோதனைச் சாவடியில் நிற்கிறார்கள். சாலையில் போகும் வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெரிய படகுகள் பல இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகும். இறக்கும்போது சக்கர பேரிங் உப்புத் தண்ணீரில் மூழ்கும். இறக்குவதற்கு அரைமணி நேரம் முன்பே வண்டியை நிறுத்தி, சூடு தணியவிடுங்கள். சூடான பேரிங் குளிர்ந்த தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பெரிய படகுக்குக் கரையோரம் சொந்த இடமோ வாடகை இடமோ வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை கிரேன் வைத்துத் தூக்கி அடிப்பாகத்தில் பாசி பிடிக்காத பெயிண்ட் அடிக்க வேண்டும். முறையான மரினா என்றால் கொச்சி போல்காட்டித் தீவு வரை போக வேண்டும். எல்லையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல்.

மழையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 8 மீட்டர் நீளமும் 2.8 மீட்டர் அகலமும் உள்ள படகின் மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 2,200 லிட்டர் தண்ணீர். தண்ணீர் தானாக வெளியே வடியும் தளம் இல்லாத படகில் அது அத்தனையும் உள்ளே இறங்கும். தானியங்கி பம்ப் அதை இறைக்கும். பேட்டரி இறந்தால் பம்பும் இறந்தது. ஆனி, ஆடியில் கட்டிய இடத்திலேயே மூழ்கும் படகுகள் பெரும்பாலும் இப்படி மூழ்குபவைதான். எனவே பெரிய படகுக்கு இரண்டு பம்ப், தனித்தனி பேட்டரி, பேட்டரியைச் சார்ஜ் செய்ய சோலார் தகடு, இவை மூன்றும் முதல் நாளே வேண்டும்.

4. எரிபொருள்: கணக்கும் சட்டமும்

நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டுக்கு ஒரு எளிய கணக்கு: எச்.பி.யை 0.38 ஆல் பெருக்கினால் முழு வேகத்தில் மணிக்கு ஆகும் லிட்டர். 40 எச்.பி.க்கு 15 லிட்டர். இரட்டை 150 எச்.பி.க்கு 114. நிதானமான ஓட்டத்தில் இதில் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: சின்னதற்கு 9 லிட்டர், பெரியதற்கு 68. லிட்டர் 105 ரூபாய் என்றால் ஒரு மணி நேரத்துக்கு முன்னது 945 ரூபாய், பின்னது 7,140 ரூபாய். பழைய கார்புரேட்டர் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் இதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். அதோடு 50 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் இரண்டு ஸ்ட்ரோக் ஆயில். டேங்கில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு.

அடுத்தது சட்டம். இதை விற்பவர் சொல்லமாட்டார். உரிமம் இல்லாமல், வண்டி அல்லது படகின் டேங்குக்கு வெளியே ஒருவர் வைத்திருக்கக்கூடிய பெட்ரோல் 30 லிட்டர்தான். உலோகக் கேன் 25 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. வெள்ளை பிளாஸ்டிக் கேனில் பங்க்காரர் ஊற்றமாட்டார், ஊற்றவும் கூடாது. டிரெய்லர் படகுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை: படகோடு பங்குக்குப் போய் அதன் டேங்கிலேயே நிரப்பலாம். எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் விலையும் சற்றுக் குறைவு. தண்ணீரிலேயே கிடக்கும் பெரிய பெட்ரோல் படகின் 300 லிட்டர் டேங்கை 25 லிட்டர் கேனாகச் சுமந்து எத்தனை நாள் நிரப்புவீர்கள்? ஆகவே பெரிய படகு என்றால் டீசல் எஞ்சினே பொருத்தம். டீசலைச் சேமிக்கும் வரம்பு பல மடங்கு அதிகம், தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு.

எத்தனால் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகள் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஒரு அளவுக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாக இறங்கும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். கழிமுகக் காற்றில் வாரக்கணக்கில் நிற்கும் படகுக்கு இது வர வாய்ப்பு அதிகம். வாங்கும் முன் கையேட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். 10 மைக்ரான் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம் போடுங்கள். பழைய ரப்பர் ஹோஸ்களை மாற்றுங்கள். நிறுத்திவைக்கப் போகிறீர்களென்றால் சின்ன டேங்கைக் காலி செய்து காரில் ஊற்றிவிடுங்கள்.

5. ஒரு எஞ்சினா, இரண்டா

இரட்டை எஞ்சின் ஒன்று போனால் இன்னொன்று கரைசேர்க்கும் என்பது உண்மைதான், இரண்டும் தனித்தனி டேங்கிலிருந்து குடித்தால் மட்டும். ஒரே டேங்கில் தண்ணீர் கலந்தால் இரண்டும் ஒரே நிமிடத்தில் நிற்கும். சர்வீஸ் செலவு அப்படியே இரட்டிப்பு: 20 மணி நேரத்தில் முதல் சர்வீஸ், பிறகு 100 மணி நேரத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை எஞ்சின் ஆயில், கியர் ஆயில், ஃபில்டர்; இம்பெல்லர் மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. சின்னப் படகுக்கு இரண்டு துடுப்பு, நங்கூரம், 30 மீட்டர் கயிறு போதும். எஞ்சின் நின்றால் முதல் வேலை நங்கூரம் போடுவது. அதற்குப் பிறகுதான் மூடியைத் திறப்பது.

எஞ்சின் கால் நீளம் படகின் பின்பலகை உயரத்தோடு பொருந்த வேண்டும்: 15, 20, 25 அங்குலம். பொருந்தாத எஞ்சினைத் தள்ளுபடியில் தந்தாலும் வாங்க வேண்டாம்.

6. ஆவணங்கள்: படகு கட்டும் முன்பே தொடங்குங்கள்

2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி எஞ்சின் உள்ள படகுக்குச் சர்வே சான்றிதழ் (படகைச் சோதித்துத் தருவது), பதிவுச் சான்றிதழ், காப்பீடு மூன்றும் வேண்டும். "சொந்த உபயோகம்தானே" என்பது பதிலாகாது. கேரளத்தில் இதைப் பார்ப்பது கேரள மாரிடைம் போர்டு. ஹவுஸ்போட்டுகளின் பக்கவாட்டில் நீங்கள் பார்க்கும் கே.ஐ.வி. எண் இந்தப் பதிவுதான். புதிய சட்டத்தின் நல்ல அம்சம், ஒரு மாநிலப் பதிவு மற்ற மாநிலத்திலும் செல்லும் என்பது. அதனால் படகு பெரும்பாலும் கிடக்கும் பக்கத்திலேயே பதியுங்கள். சர்வேயர் வந்து பார்க்க அதுதான் எளிது.

கையில் இருக்க வேண்டியவை: படகு கட்டியவரின் சான்றிதழும் வரைபடங்களும், ஜி.எஸ்.டி. பில், வரிசை எண் தெரியும் எஞ்சின் பில், இறக்குமதி என்றால் சுங்க ஆவணம், அடையாள, முகவரிச் சான்றுகள். பழைய படகு என்றால் முந்தைய சர்வே, வங்கிக் கடன் இல்லை என்ற கடிதம்.

வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று.

வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்காமல் படகு கட்டத் தொடங்குவது முதலாவது. கட்டி முடித்தபின் சர்வேயர் கேட்கும் மாற்றங்களைச் செய்ய ஃபைபரை அறுக்க வேண்டிவரும். முழு முன்பணம் தரும் முன் ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, மீன்பிடிப் பதிவில் உள்ள ஃபைபர் வள்ளத்தை மலிவாக வாங்கி, இருக்கையும் கூரையும் வைத்து உல்லாசப் படகாக்குவது. மீன்வளத்துறைப் பதிவு இதற்குச் செல்லாது. சட்டத்தைவிடப் பெரிய விஷயம் நிலைத்தன்மை. வலையும் மீனும் அடியில் கனமாக இருக்கும் என்று கட்டிய உடலில் மேலே ஆட்களை ஏற்றினால் கனம் மேலே போகிறது. 2023 மே 7 அன்று தானூரில் கவிழ்ந்து 22 பேரைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகை மாற்றியமைத்தது.

மூன்றாவது, ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் விருந்தினரிடம் காசு வாங்கி ஏற்றுவது. அப்போது அது பயணிகள் படகு. சர்வே வகை, காப்பீடு, ஓட்டுபவரின் தகுதி எல்லாம் மாறும். விபத்து நடந்தால் சொந்த உபயோகக் காப்பீடு ஒரு ரூபாய் தராது. படகில் எத்தனை தகுதிச் சான்று பெற்ற ஆட்கள் வேண்டும் என்பது அதன் அளவையும் எஞ்சின் சக்தியையும் பொறுத்தது. பெரிய படகு என்றால் படகை ஓட்டும் சிராங்குக்கும் எஞ்சினைப் பார்க்கும் எஞ்சின் டிரைவருக்கும் மாதச் சம்பளத்தை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

நெய்யாறு அணை நீர்த்தேக்கம் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. அங்கே சொந்தப் படகை இறக்கும் எண்ணம் வேண்டாம்.

7. செலவு

உல்லாசப் படகுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். விலை பேசும்போது "வரி உட்படவா" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அதன்பிறகு வருடாவருடம் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்குப் போகும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது; சம்பளமும் எரிபொருளும் அதற்கு மேல். உயிர்காப்பு ஜாக்கெட், தீயணைப்பான், நங்கூரம், கயிறு, விளக்கு ஆகியவற்றைப் படகு விலையில் சேர்த்தே பேசுங்கள். குழந்தைகளுக்கு அவர்கள் எடைக்கேற்ற ஜாக்கெட் தனியாக.

8. பழைய படகைச் சோதிப்பது

எஞ்சின் தொங்கும் பின்பலகைதான் முதல் சோதனை. ஃபைபருக்குள்ளே மரப்பலகை இருக்கும். பழைய திருகு ஓட்டைகள் வழியே தண்ணீர் இறங்கி அது அழுகும். வெளியே பெயிண்ட் புதிதாக மின்னும். ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ஒரு கைப்பிடி இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் "டக்" என்று கூர்மையாகச் சத்தமிடும். அழுகிய இடம் "தொப்" என்று மங்கும். பிறகு எஞ்சினைப் பாதி தூக்கி, அதன் காலைப் பிடித்து உங்கள் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். பின்பலகை மில்லிமீட்டர் அசைந்தாலும், போல்ட் ஓரம் பழுப்பு நீர் கசிந்தாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

அடுத்து கியர் ஆயிலின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். மோர் நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. எஞ்சின் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போகும்போது ஏற்கெனவே சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

பெரிய படகில் இவற்றோடு ஷாஃப்ட் சீல், வயரிங், டீசல் டேங்கின் அடிப்பாகம் எல்லாம் சேரும். கரையேற்றிப் பார்க்காமல் முன்பணம் தர வேண்டாம். கிரேன் செலவு உங்களுடையதாக இருந்தாலும் பரவாயில்லை.

9. ஓட்டிப் பார்ப்பதும் ஆள் கணக்கும்

விற்பவர் ஒருவரை மட்டும் ஏற்றி ஓட்டிக் காட்டுவார், படகு பறக்கும். நீங்கள் வழக்கமாகக் கூட்டிப்போகும் ஆட்கள் அத்தனை பேரோடும், பாதி டேங்க் பெட்ரோலோடும் ஓட்டுங்கள். முழு த்ராட்டிலில் எஞ்சின் சுற்று கையேட்டில் உள்ள வரம்பைத் தொட வேண்டும்; பல எஞ்சின்களுக்கு அது நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000. தொடவில்லை என்றால் புரொப்பல்லரின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு அது முன்னேறும் தூரம்) அதிகம். ஒரு அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 200 சுற்று கூடும். புரொப்பல்லர் மாற்றித் தருவதை விலையில் சேர்த்துவிடுங்கள்.

20 அடிக்குக் குறைந்த படகில் ஆட்களைக் கணக்கிட, நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15 ஆல் வகுங்கள். 16 அடிக்கு 6 அடி என்றால் 6 பேர். சர்வே சான்றிதழ் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் எல்லை. மாமியார் வீட்டார் பத்துப் பேர் வந்துவிட்டால் இரண்டு நடையாகப் போங்கள்.

10. எப்போது வாங்குவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையில் பொழுதுபோக்குக்குப் படகு விட ஏற்ற காலமல்ல. அந்த மாதங்களில்தான் பழைய படகுகளின் விலை இறங்கும், கட்டும் இடங்களில் வேலையும் குறைவாக இருக்கும். ஜூனில் படகைத் தேர்ந்தெடுத்து, ஜூலை, ஆகஸ்டில் வரைபட ஒப்புதலும் காகித வேலையும் முடித்து, மழை தணிந்ததும் சர்வேக்குத் தேதி வாங்குங்கள். குமரிக்கு வடகிழக்குப் பருவமழையும் உண்டு. 2017இல் ஒக்கிப் புயல் வந்தது நவம்பர் கடைசியில்தான். ஆகவே அக்டோபர், நவம்பரைக் காயலுக்குள் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிய எஞ்சினின் முதல் 10 மணி நேரப் பழக்க ஓட்டமும் அப்போதே முடிந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினில் நல்ல தண்ணீர்க் குழாய் மாட்டி 10 நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். டிரெய்லர் படகுக்கு இதை வீட்டு வாசலிலேயே செய்யலாம். தண்ணீரில் கிடக்கும் படகுக்குக் கரையோரம் நல்ல தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.